தறிக்குழியிலிருந்து எழுந்து ஆடும் அம்மா!

காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலில், காலை உயரத் தூக்கி ஆடும் சிவனைப் பார்த்திருப்பீர்கள். ராஜசிம்ம பல்லவன் எட்டாம் நூற்றாண்டில் கட்டிய கோயில். கையும் காலும் உடம்பும் சேர்ந்து அசையும் இத்தகைய ஆட்டத்துக்குக் கரணம் என்று பெயர். நாட்டிய சாஸ்திரம் 108 கரணங்களைச் சொல்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் 81-ஐச் செதுக்கியதோடு நிறுத்திவிட்டார்கள். சிதம்பரம் கோபுரங்களில் 108-ம் உண்டு.

யோகாசனத்தோடு எளிய கரணங்களையும் சேர்த்துச் சொல்லித்தரும் வகுப்புக்கு என் அம்மா ஆறு மாதமாகப் போகிறார். முப்பது வருடம் தறிக்குழியில் உட்கார்ந்து மிதி மிதித்த உடம்பு. இடுப்புவலியால் தறியையே விட்டுவிடலாமா என்று வீட்டில் பேச்சு ஓடிய நேரம் அது.

டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் சேர்ந்தார். முட்டி தாங்கும் அளவுக்கு அரைமண்டி போதும் என்றார் டீச்சர். காலைத் தூக்குவதெல்லாம் கிடையவே கிடையாது. (அது சிவபெருமானோடு இருக்கட்டும்!) சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்றவர், இப்போது பிடிக்காமலே இருபது எண்ணும் வரை நிற்கிறார். வலி குறைந்திருக்கிறது, முழுதாகப் போகவில்லை. நடனமாடினால் எந்த நோயும் அண்டாது என்று வாட்ஸ்அப்பில் வருவதை நான் நம்புவதில்லை. தறியை விட்டு அவ்வப்போது எழுந்து இடுப்பை நிமிர்த்தும் பழக்கம் வந்ததற்கும் இதில் பங்கு உண்டு.

மனசுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"தாளம் தப்பாம ஆடணும்னா வேற நினைப்பே வரக்கூடாதுடி. அந்த ஒரு மணி நேரம் கடன்கூட ஞாபகத்துக்கு வரலை. சாமி கும்பிடுறப்போகூட வந்துடுது."

முகூர்த்தச் சேலைக்குப் புதுப் பாவு பிணைத்தாயிற்று. செவ்வாய், வெள்ளி சாயங்காலம் மட்டும் தறி ஓடாது.