மிராடோரின் மூன்றாம் பதிப்பும் திருமலைக் கல்வெட்டுகளும்

மிராடோர் என்ற ஸ்பானியச் சொல்லுக்கு, சுற்றுப்புறத்தை நோக்க உயரத்தில் அமைத்த மாடம் என்று பொருள். அப்பெயரில் ஒரு திறமூலப் படநோக்கி மென்பொருள் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு, ஹார்வர்டு முதலிய பல்கலைக்கழகங்களின் நிரலாளர்கள் கூடிக் கட்டியது. அப்பாச்சி உரிமத்தின் கீழ் எவரும் எடுத்தாளலாம், திருத்தலாம். 2020இல் அதன் மூன்றாம் பதிப்பு வெளிவந்தது. பெரும்பாலும் நூலகக் கணினித் துறையினரே கவனித்த அந்த மாற்றத்தைச் சுவடியும் கல்வெட்டும் படிப்போர் ஏன் கவனிக்க வேண்டும் என்பதைச் சொல்லவே இப்பதிவு.

ஓர் ஓலையின் கீறல்கள் தெளிவாகத் தெரியுமளவு எடுத்த படம் மிகப் பெரியது. அதை முழுவதுமாக இறக்கிப் பார்ப்பது நம் ஊர் இணைய இணைப்பில் பொறுமையைச் சோதிக்கும் வேலை. 2011இல் சில நூலகங்கள் கூடிப் பேசத் தொடங்கி, பின்னர் ட்ரிபிள் ஐ எஃப் என்ற பொது நெறியாக வகுத்த ஏற்பாடு இதற்கு வழி கண்டது. படத்தின் எந்தப் பகுதி வேண்டும், எந்த அளவில் வேண்டும் என்பதை இணைய முகவரியிலேயே கேட்கலாம். கேட்ட பகுதி மட்டும் வரும். இந்நெறியை ஏற்ற நூலகம் எந்த நாட்டில் இருந்தாலும் அதன் படத்தை மிராடோர் திறக்கும். இரு வேறு நூலகங்களின் படங்களை ஒரே திரையில் அருகருகே வைக்கலாம் என்பதே அதன் தனிச்சிறப்பு. 19ஆம் நூற்றாண்டில் எதுவார் ஏரியல் புதுச்சேரியில் சேர்த்த தமிழ்ச் சுவடிகள் இன்று பாரிஸில், பிரெஞ்சு தேசிய நூலகத்தில் உள்ளன. அவற்றுள் பலவற்றைத் திருப்பதியில் இருந்தபடியே நான் இவ்வாறு படிக்கிறேன்.

அருகருகே வைப்பது வசதிக்காக மட்டுமன்று. பழஞ்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இராது. எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் வேறுபடா. கால் குறியும் ரகரமும் ஒரே வடிவின. ஆகவே ஓலையில் ககரத்தை அடுத்து அவ்வடிவம் நின்றால், அதைக் 'கா' என்றும் 'கர' என்றும் 'கர்' என்றும் படிக்க இடமுண்டு. இடம் நோக்கியும், எழுதியவரின் கைவழக்கைப் பிற ஏடுகளோடு ஒப்பிட்டுமே முடிவு செய்ய வேண்டும். ஒப்பிட முடியாதபோது வாசிப்பு ஊகமாகிவிடும்.

இனி மூன்றாம் பதிப்புக்கு வருகிறேன். இரண்டாம் பதிப்பில் படத்தின் ஒளியைக் கூட்டிக் குறைப்பதும், நிறங்களைத் தலைகீழாக்குவதும், படத்தின்மேல் குறிப்பெழுதுவதும் மென்பொருளின் உள்ளேயே இருந்தன. மூன்றாம் பதிப்பில் ரியாக்ட் என்ற நிரல்தொகுதியைக் கொண்டு அனைத்தையும் அடித்தளத்திலிருந்து புதிதாக எழுதினர். சிறு திரைகளுக்கும், சுட்டியின்றி விசைப்பலகையால் மட்டும் இயக்குவோருக்கும் இடமளித்தனர். மைய நிரலை எளிதாக்கி, நான் மேலே சொன்ன கருவிகளைச் செருகுநிரல்களாக வெளியே வைத்தனர். வேண்டுவோர் சேர்த்துக்கொள்ளலாம், வேண்டாதோர் சுமக்க வேண்டியதில்லை. தன்னார்வ உழைப்பால் நிலைக்கும் ஒரு மென்பொருளுக்கு அது நியாயமான முடிவே.

ஆனால் 'வேண்டுவோர்' யார் என்பதை வாசகர் முடிவு செய்வதில்லை. தளத்தை அமைக்கும் நூலகமே முடிவு செய்கிறது. வண்ண ஓவியம் காண்பவருக்கு ஒளிமாற்றக் கருவி இல்லாதது குறையாகத் தோன்றாது. மை தேய்க்கப்படாத ஓலையில் கீறலைத் தேடுபவருக்கோ அதுவின்றிப் படிப்பே இல்லை. நான் அடிக்கடி நாடும் ஓர் அயல்நாட்டுத் தளத்தில் அச்செருகுநிரல் இல்லை. ஆயினும் வழி அடைபடவில்லை. சுவடியின் ட்ரிபிள் ஐ எஃப் முகவரியை எடுத்து, வேண்டிய செருகுநிரல்களோடு என் மடிக்கணினியில் நிறுவிய மிராடோரில் திறந்து படிக்கிறேன். எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. திறமூலம், பொது நெறி என்ற சொற்களின் பொருள் எனக்கு முழுமையாக விளங்கியது அப்போதுதான்.

அந்த வழி கல்வெட்டுக்கு வரும்போது அடைபடுகிறது. திருமலையிலும் திருப்பதியிலும் திருச்சானூரிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன, பெரும்பாலானவை தமிழில். 1930களில் தேவஸ்தானம் அவற்றைத் தொகுதிகளாக அச்சிட்டது. அவ்வுழைப்புக்கு நாம் என்றும் கடன்பட்டவர்கள். எனினும் அச்சில் நாம் காண்பது ஒருவர் படித்து முடித்த பாடம். கல்லில் இல்லாத புள்ளியும் குறில் நெடில் வேறுபாடும் அங்கே வாசிப்பின் முடிவாக இடம்பெறுகின்றன. வேங்கடத்தை ஒட்டிய தமிழ் எப்படி ஒலித்தது என்று ஆராயும் என்னைப் போன்றோருக்கு வேண்டிய சான்று, அச்சுப் பாடத்துக்கு முந்தைய அந்த எழுத்தில்தான் இருக்கிறது. அதைக் காண நல்ல படம் வேண்டும். குடிமல்லத்துப் பாணர் காலக் கல்வெட்டுக்கும் இதுவே நிலை.

படமே இல்லை என்று சொல்லவில்லை. கல்வெட்டின்மேல் தாளை ஒற்றி எடுக்கும் மைப்படிகள் நூறாண்டுக்கு மேலாகச் சேர்ந்திருக்கின்றன. மைசூரில் இருந்த தமிழ் மைப்படிகளைச் சென்னைக்கு மாற்றுமாறு 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது, அது தமிழருக்குக் கிடைத்த வெற்றியாகப் பேசப்பட்டது. நானும் மகிழ்ந்தேன். ஆனால் சித்தூரிலிருந்து ஓர் ஆய்வு மாணவர் சென்னைக்குப் போவதும் ஒரு பயணமே. தாள் எந்த ஊரில் இருக்க வேண்டும் என்று வாதிட்ட அளவுக்கு, அதன் படம் எந்த நெறியில் வெளியாக வேண்டும் என்று நாம் வாதிடவில்லை. நீர்க்குறி பதித்த சிறு படமோ மங்கலான பிடிஎஃப் கோப்போ வெளியிட்டால் எண்ணிமமாக்கம் முடிந்ததாக எண்ணுகிறோம். மிராடோருக்கு அது பயன்படாது.

இது தமிழின் கவலை மட்டுமன்று. திருமலையில் கிடைத்த அன்னமாச்சாரியாரின் தெலுங்குக் கீர்த்தனைச் செப்பேடுகளைப் படிப்பவருக்கும் இதே கருவி வேண்டும். எல்லையில் வாழும் நாம் இரு மொழியினரும் சேர்ந்து கேட்கக்கூடிய கோரிக்கை இது.

மூன்றாம் பதிப்புக்குப் பின்னும் மிராடோரின் பணி தொடர்கிறது. எந்தக் கருவி மையத்தில் இருக்கும், எது வெளியே போகும் என்பதைப் பேசுவோர் அதைப் பயன்படுத்தும் நிறுவனங்களே. அங்கே கல்லும் ஓலையும் படிப்போரின் குரல் ஒலிக்க வேண்டுமானால், முதலில் நம் படங்கள் அந்நெறியில் வெளியாக வேண்டும். ஆகவே நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் கல்லூரியோ நூலகமோ சுவடிகளைப் படமெடுக்கத் திட்டமிட்டால், ஒப்பந்தம் எழுதும் முன்பே இரண்டு கேள்விகள் கேளுங்கள்: முழுத் தெளிவுள்ள படம் வெளியாகுமா? அது ட்ரிபிள் ஐ எஃப் நெறியில் வெளியாகுமா? படமெடுப்பு முடிந்தபின் கேட்டால், இன்னொரு திட்டமும் இன்னொரு நிதியும் வரும்வரை காத்திருக்க நேரும்.