ராணிகேத்தில் கேட்ட மேளம்

ராணிகேத் போய் வந்தேன் என்றதும் 'பனிமலை தெரிஞ்சுதா?' என்றுதான் எல்லாரும் கேட்டார்கள். தெரிந்தது. இரண்டாம் நாள் காலையில் மேகம் விலகி நந்தாதேவியும் திரிசூலும் வெள்ளை வெளேரென்று நின்றன. நந்தாதேவி 7,816 மீட்டர். அழகுதான். அழகில்லை என்று சொல்ல நான் இதை எழுதவில்லை.

டெல்லியில் பன்னிரண்டு வருசம் குப்பை கொட்டியும் இமயமலைப் பக்கம் போனதில்லை. காட்கோதாமோடு தண்டவாளம் முடிந்துவிடுகிறது. அப்புறம் ஷேர் ஜீப். பைன் காடு, வளைவு, வளைவு, வாந்தி. 1869இல் வெள்ளைக்காரன் பட்டாளத்துக்காக உண்டாக்கின ஊர் ராணிகேத். இன்றைக்கும் குமாவுன் ரெஜிமெண்டின் மையம் அங்கேதான். ஊரே துடைத்து வைத்தாற்போல இருக்கிறது. உரக்கப் பேசவே கூச்சமாக இருந்தது.

விடுதியில் பேர் எழுதச் சொன்னார்கள். எழுதினேன். 'பூரா பேரு?' என்றார் விடுதிக்காரர். அதுதான் பூரா பேர் என்றேன். முன்னால் நிற்கிற எழுத்து? அப்பா பேர். பின்னால்? பின்னால் ஒண்ணுமில்லை. அவர்கள் ஊரில் பேரின் வாலைப் பார்த்தால் போதும். பந்த், ஜோஷி என்றால் பிராமணர். பிஷ்ட், ராவத் என்றால் ராஜபுத்திரர். ராம், ஆர்யா, டம்டா என்றால் மேற்கொண்டு கேட்கவே வேண்டாம். நம்ம இனிஷியல் அவரைத் தூங்கவிடவில்லை போலிருக்கு. காலையில் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு மறுபடி சுற்றிவளைத்தார். நான் எஸ்.சி. என்று சொன்னேன். 'அச்சா, அச்சா' என்று சிரித்தார். மத்தியானத்திலிருந்து சாப்பாடு ரூமுக்கே வந்தது. மரியாதை என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த விடுதி பழைய வீடு. பலகைக் கல் கூரை, ஜன்னல் சட்டத்தில் பூவேலை. இந்த மலையில் கல் அடுக்கினதும் மரம் செதுக்கினதும் இரும்பு அடித்ததும் செம்புப் பாத்திரம் தட்டினதும் நம்ம ஆட்கள். 'டோம்' என்று ஏசின பேரைத் தூக்கிப் போட்டுவிட்டு 'ஷில்ப்கார்', அதாவது கைவினைஞர், என்று தங்களுக்குப் பேர் வைத்துக்கொண்டார்கள். அதற்காகப் பாடுபட்டவர்களில் ஒருவர் அல்மோராவின் ஹரிபிரசாத் டம்டா. 1934இல் அங்கிருந்து 'சமதா' என்று பத்திரிகை நடத்தினார். சமத்துவம் என்று அர்த்தம். ராணிகேத் போகிறவர்கள் கையில் வைத்திருக்கும் எந்தச் சுற்றுலாப் புத்தகத்திலும் நான் இந்தப் பேரைப் பார்த்ததில்லை. சௌபட்டியா ஆப்பிள் தோட்டம் மட்டும் எல்லாவற்றிலும் இருக்கிறது.

நான் அங்கே போனதற்கு வேறொரு காரணம் கஃபல்டா. அதே அல்மோரா மாவட்டத்தில், சல்ட் பகுதிக் கிராமம். 1980 மே 9. ஷில்ப்கார்களின் கல்யாண ஊர்வலம் அந்த ஊர் வழியாகப் போனது. கோயில் இருக்கு, மாப்பிள்ளையைப் பல்லக்கை விட்டு இறங்கச் சொல் என்றார்கள். இவர்கள் மாட்டேன் என்றார்கள். தகராறில் மேல்சாதிக்காரர் ஒருவர் கத்திக்குத்துப்பட்டுச் செத்தார். அதன்பிறகு ஊர் திரண்டது. ஒரு வீட்டுக்குள் ஓடி ஒளிந்தவர்களை அப்படியே வைத்துக் கொளுத்தினார்கள். ஆறு பேர் அதில் போனார்கள். மற்றவர்களைத் துரத்தித் துரத்தி அடித்தே கொன்றார்கள். மொத்தம் 14 பேர். நமக்கு வெண்மணி என்று சொன்னால் போதும், புரிந்துவிடும். கீழ்க்கோர்ட்டு எல்லாரையும் விடுதலை பண்ணியது. ஐகோர்ட்டும் அதையே சொன்னது. 1997இல்தான் சுப்ரீம் கோர்ட்டு 16 பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. பதினேழு வருசம்.

ஜீப் ஸ்டாண்டில் கஃபல்டா பற்றி விசாரித்தேன். 'அங்க பார்க்க ஒண்ணும் கெடையாதே சார்' என்றார் டிரைவர். ஜூலாதேவி கோயில் போங்க, மணி நிறையத் தொங்கும் என்றார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் ரோட்டுக்குக் கீழே மேளச் சத்தம். கல்யாணம். இறங்கிப் போனேன். வாசிக்கிறவர்கள் பந்தலுக்கு வெளியே ஒதுக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெரியவர் சுள்ளி பற்றவைத்து, தமாவ் என்கிற செம்புக் கிண்ண மேளத்தின் தோலைச் சூட்டில் காட்டிக்கொண்டிருந்தார். எங்கப்பா வைக்கோலைக் கொளுத்திப் பறை காய்ச்சுவார். அதே மாதிரிதான், விரலால் தட்டித் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். நான் பக்கத்தில் குந்திக்கொண்டேன். எங்க வீட்டிலயும் இதுதான் தொழில் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு பீடிக் கட்டை நீட்டினார்.

கோயில் பூசை, கல்யாணம், பேய் பிடித்தவர்களுக்குச் சாமி வரவழைப்பது, எல்லாத்துக்கும் இவர்கள் மேளம் வேணும். சாமியே இவர்கள் அடிச்சாத்தான் இறங்குமாம். சாப்பாடு மட்டும் கடைசியில், தனியாக.

கஃபல்டா என்று மெதுவாகச் சொன்னேன். தெரியும் என்று தலையாட்டினார். 2022 மே மாதம் அதே சல்ட் பகுதியில் ஒரு தலித் மாப்பிள்ளையைக் குதிரையிலிருந்து இறங்கச் சொல்லி மிரட்டினதாக ஆறு பேர் மேல் கேஸ் ஆனதையும் அவரே சொன்னார். உங்க வீட்டுக் கல்யாணம் எப்படிப் போகுது என்று கேட்டேன். அவர் இந்தியை என் பேச்சில்தான் எழுத முடியும்.

'இப்ப எல்லாம் கார்லதான் தம்பி போறோம். காரை விட்டு எறங்குன்னு எவன் சொல்லுவான்?' என்று சிரித்தார். மேளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார்.

'ஆனா மலை ஊரு பாரு. ரோடு முடியற எடத்துல எறங்கித்தான் ஆவணும். அங்கேருந்து வீடு வரைக்கும் நடக்கணுமே, அந்த ஒரு மைலுதான்.'