சென்னைக்கு வந்த மடராஸி

மார்கோ மடராஸி என்றதும், "ஓ, ஜிடேன்கிட்ட முட்டு வாங்கினவர்தானே?" என்பீர்கள். அவரேதான். 2006 உலகக் கோப்பை இறுதி, பெர்லின், 110ஆவது நிமிடம். முன்னால் போய்க்கொண்டிருந்த ஜிடேன் திரும்பி வந்து நெஞ்சில் விட்டார் ஒரு முட்டு... இவர் தரையில், ஜிடேனுக்குச் சிவப்பு அட்டை. அப்போது எங்கள் செட் எல்லாம் கைக்குழந்தைகள். ஆனாலும் அந்த வீடியோவைப் பார்க்காதவன் வகுப்பில் ஒருவன்கூடக் கிடையாது.

அந்தப் பத்து விநாடியைத் தவிர அவர் என்னதான் செய்தார்?

1973இல் இத்தாலியின் லெச்சே நகரத்தில் பிறந்தவர். அப்பா கால்பந்துப் பயிற்சியாளர். அதனால் மகனுக்கு நேராகப் பெரிய கிளப்பில் இடம் கிடைத்துவிடவில்லை. மர்சாலா, டிராபானி என்று சின்னச் சின்ன ஊர் அணிகளில் ஆடித்தான் மேலே வந்தார். 1998இல் இங்கிலாந்தின் எவர்ட்டனுக்குப் போய் ஒரே பருவத்தில் திரும்பிவிட்டார். பிறகு பெருஜியா அணியில் 2000-01 பருவத்தில் 12 கோல். இவர் தற்காப்பு ஆட்டக்காரர் என்பதை ஞாபகம் வையுங்கள்! ஒரு தற்காப்பு ஆட்டக்காரர் ஒரே பருவத்தில் இத்தனை கோல் அடித்தது இத்தாலிய லீகில் அன்றைக்குச் சாதனை. 2001இல் இன்டர் மிலான் அழைத்தது. அங்கே 10 வருடம்.

நல்ல பிள்ளை என்று சொல்லிவிட முடியாது. 2004இல் எதிரணி ஆட்டக்காரர் ஒருவரை அடித்ததற்காக இரண்டு மாதத் தடை வாங்கியவர்.

2006 உலகக் கோப்பைக்குப் போனபோதும் இவர் முதல் 11 பேரில் இல்லை. அந்த இடம் அலெசாண்ட்ரோ நெஸ்டாவுடையது. செக் குடியரசுடன் ஆடும்போது நெஸ்டாவுக்கு அடிபட்டது. இவர் இறங்கினார், கொஞ்ச நேரத்திலேயே கோல் அடித்தார். அடுத்து ஆஸ்திரேலியாவுடன் சிவப்பு அட்டை வாங்கி வெளியே போனார். ஒரு ஆட்டம் உட்கார்ந்துவிட்டு அரையிறுதிக்குத் திரும்பி வந்தார்.

இறுதி ஆட்டத்தை பி.காம். மாணவன் முறையில் பேரேட்டில் எழுதிப் பார்த்தேன்.

பற்று: இவர் செய்த ஃபவுலுக்காக பிரான்சுக்குப் பெனால்டி. 7ஆவது நிமிடத்தில் ஜிடேன் கோல்.
வரவு: 19ஆவது நிமிடம். பிர்லோ அடித்த கார்னரைத் தலையால் முட்டி 1-1.
பற்று: வாய். ஜிடேனின் சகோதரியைப் பற்றித் தப்பாகப் பேசியதாகப் பின்னாளில் அவரே சொன்னார். ஃபிஃபா 2 ஆட்டத் தடை விதித்தது.
வரவு: கடைசிப் பெனால்டி சுற்றில் தன் உதையைக் கோலாக்கினார். 5-3, கோப்பை இத்தாலிக்கு.

இத்தாலி 120 நிமிடத்தில் அடித்த ஒரே கோல் இவருடையது. உலகம் ஞாபகம் வைத்திருப்பது மூன்றாவது பதிவை மட்டும்!

2010இல் இன்டர் மிலான் ஐரோப்பிய சாம்பியன் ஆனபோதும் இப்படித்தான். இறுதி ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் மாற்று ஆளாக உள்ளே வந்தார்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். 2014இல் ஐ.எஸ்.எல். தொடங்கியபோது சென்னையின் எஃப்.சி.க்கு ஆட்டக்காரரும் பயிற்சியாளருமாக வந்தவர் இந்த மடராஸி. பெயர்ப் பொருத்தம் பாருங்கள்! இதைவிட இன்னொன்று ருசியானது. அதே பருவத்தில், ஓய்வு பெற்றிருந்த ஒருவர் இவர் பயிற்சியின் கீழ் ஆட சென்னை வந்தார். யார்? அலெசாண்ட்ரோ நெஸ்டா! எவருடைய இடத்தில் மாற்று ஆளாக நின்றாரோ, அவரே இவர் அணியில்.

2015 பருவத்தின் நடுவில் சென்னை அணி பட்டியலில் கடைசி இடம். அங்கிருந்து எழுந்து அரையிறுதிக்குப் போனால், டிசம்பர் வெள்ளம். சொந்த மண்ணில் ஆட வேண்டிய ஆட்டத்தைப் புனேவில் ஆடினார்கள். கொல்கத்தாவை 3-0 என்று வென்றார்கள். டிசம்பர் 20, கோவாவில் இறுதி. 90ஆவது நிமிடம் நெருங்கும்போது 1-2 என்று பின்தங்கியிருந்து, முடிவில் 3-2. கோப்பை நமக்கு! அடுத்த வருடம் கோட்டை விட்டார்கள், 2017இல் அவரும் விடைபெற்றார். அதுவும் கணக்கில் உண்டு.

இத்தனை கதையும் எதற்கு? என் வகுப்பு நண்பன் ஒருவன் கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறான். கல்லூரி வாலிபால் அணியில் இரண்டு வருடமாக மாற்று ஆள். மலைக்குப் போகும் பஸ்ஸை விட்டால் வீடு போக முடியாது என்பதால் பயிற்சி முடியும் முன்பே பையைத் தூக்க வேண்டும். அப்புறம் எப்படி முதல் அணியில் எடுப்பார்கள்? "பேசாம விட்டுடலாமாடா?" என்றான் போன வாரம். நெஸ்டா கதையைச் சொன்னேன்.

"அப்ப யாருக்காவது அடிபடணும்னு நான் வேண்டிக்கணுமா?" என்று சிரித்தான்.

"அடிபடுறது நம்ம கையில இல்லடா. அன்னிக்கு அவர் ஷூ மாட்டி ரெடியா இருந்தார், அவ்வளவுதான்" என்றேன்.

விடுவதா வேண்டாமா என்று அவன் இன்னும் முடிவு செய்யவில்லை. பஸ் நேரத்தை என்னாலும் மாற்ற முடியாது. ஆனால் கணக்குப் பாடத்தில் முதல் வருடமே சொல்லிக் கொடுத்தது ஒன்று உண்டு. ஒரே ஒரு ரசீதைப் பார்த்து யாரும் கணக்கை முடிப்பதில்லை. எல்லாப் பதிவையும் எழுதி, கூட்டி, கழித்து, அப்புறம்தான் இருப்பு. மடராஸிக்கு மட்டும் உலகம் ஒரு ரசீதோடு கடையைச் சாத்திவிட்டது. நம் பக்கத்து பெஞ்சுக்காரனுக்காவது நாம் முழுக் கணக்கையும் பார்ப்போமே!