கருமாதி வீட்டுக் கர்ணன்

கர்ணன் சாவதற்குள் பொழுது விடிந்துவிடும். விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் கிராமங்களில் கருமாதிக்குக் கூத்து வைக்கும் வீடுகளில் ஆடப்படுவது பெரும்பாலும் ‘கர்ண மோட்சம்’தான். ராத்திரி முழுக்க ஆர்மோனியமும் மிருதங்கமும் முகவீணையும் ஊரை விழிக்க வைத்திருக்கும். விடிகாலையில் மார்பில் அம்பு தைத்துச் சாய்ந்து கிடக்கிற கர்ணனிடம் கிழப் பிராமணர் வேடத்தில் கண்ணன் வருகிறான். அவன் கேட்பது பொன்னும் பொருளும் இல்லை. இதுநாள்வரை செய்த தருமத்தின் பலன் மொத்தத்தையும் கேட்கிறான். தாரை வார்க்கக் கையில் தண்ணீர் கிடையாது. காயத்தில் வழிகிற ரத்தத்தையே வார்த்துக் கொடுக்கிறான் கர்ணன். அந்த நேரம் பார்த்து வீட்டுப் பெண்கள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழத் தொடங்குவார்கள். அழுகை கர்ணனுக்கா, பதினாறு நாளுக்கு முன் போனவருக்கா என்று பிரித்துச் சொல்ல முடியாது. பிரிக்க முடியாமல் போகட்டும் என்றுதான் அந்த வாசலில் அந்தக் கூத்தை வைக்கிறார்கள்.

செத்தவர் எங்கே போகிறார், அங்கே எரியுமா குளிருமா, எத்தனை காலம் என்பதில் மதங்கள் ஆளுக்கொரு கணக்கு வைத்திருக்கின்றன. கருமாதி வீட்டில் குந்தியிருப்பவரின் மனசை அரிக்கும் கேள்வி வேறு. போனவருக்காக, இங்கே இருக்கிறவர் இன்னும் ஏதாவது செய்ய முடியுமா?

விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு வழியாகச் சுமார் 40 கிலோமீட்டர். அந்தச் சாலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள ஊர்களிலேயே இந்தக் கேள்விக்கு நாலைந்து பதில்கள் அக்கம்பக்கத்து வீடுகளைப் போல வாழ்ந்து வருகின்றன.

முதல் பதில், ‘முடியும், செய்தே ஆகவேண்டும்’ என்பது. பாகவத புராணம் 28 நரகங்களைப் பெயர் சொல்லி அடுக்குகிறது. மனுநூலின் பட்டியலில் 21. தாமிஸ்ரம், ரௌரவம், கும்பீபாகம், அந்தகூபம், கிருமிபோஜனம் என்று நீளும் அந்தப் பெயர்களை இன்றைய தலைமுறை 2005-இல் வந்த ‘அந்நியன்’ படத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டது. அதற்கு முன்பு சாவு வீடுகளில் கருடபுராணம் படிக்கக் கேட்டு வளர்ந்த தலைமுறைகள் இருந்தன. இந்த நரகங்கள் எதிலும் எவரும் என்றைக்குமாக அடைபட்டுக் கிடப்பதில்லை. செய்த வினைக்கு ஏற்பக் கிடந்துவிட்டு, மறுபடி ஏதோ ஒரு பிறப்புக்குத் திரும்ப வேண்டியதுதான். அந்தத் தண்டனைக் காலத்தில் இருப்பவருக்குப் பூமியிலிருந்து உதவி போய்ச்சேரும் என்பது நம்பிக்கை. ‘புத்’ என்னும் நரகத்திலிருந்து மீட்பவன் என்பதால்தான் ‘புத்திரன்’ என்று பழைய நூல்கள் பொருள் சொல்கின்றன. பிண்டமும் எள்ளும் தண்ணீரும், வைதரணி ஆற்றைக் கடக்கப் பசுதானமும் இந்த எண்ணத்தில் பிறந்தவை. மகன் இல்லாதவர் கதி என்ன என்ற பயமும், மகள் கொள்ளி வைக்கலாமா என்ற வழக்கும் இதே எண்ணத்தின் பிள்ளைகள். எத்தனையோ பெண்களை மகனுக்காக ஏங்கி ஏங்கி உடம்பு தேய வைத்த பயம் அது.

செஞ்சி வட்டாரம் திரௌபதி அம்மன் வழிபாட்டின் தாய்நிலம். மேலச்சேரிக் கோயிலைத்தான் ஆதிகோயில் என்பார்கள். இந்தப் பக்கத்தில் பல ஊர்களில் அம்மன் கோயிலையே ‘தர்மராஜா கோயில்’ என்றுதான் அழைப்பார்கள். திருவிழாவின்போது தினமும் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, முடிவில் படுகளம், தீமிதி. ஆனால் தருமனின் வாழ்வில் மிக உயர்ந்த கட்டம் போருக்கு வெகுகாலம் பின்னால் வருகிறது. வில்லிபாரதம் போரோடு முடிந்துவிடுவதால் பலருக்கு அது தெரியாமலே போய்விட்டது. வியாசரின் கடைசிப் பருவத்தில் தருமன் உடம்போடு சொர்க்கம் போகிறான். அங்கே முதலில் கண்ணில் படுகிறவன் துரியோதனன். தம்பிமார் எங்கே என்று கேட்டால் தேவதூதன் அவனை இருட்டும் நாற்றமும் நிறைந்த ஒரு வழியில் கூட்டிப்போகிறான். நாற்றம் தாளாமல் தருமன் திரும்ப எத்தனிக்கும்போது இருளிலிருந்து குரல்கள் எழுகின்றன. அவன் மேல் பட்டு வரும் காற்று தங்கள் வேதனையைத் தணிக்கிறது என்றும், கொஞ்சநேரம் நிற்கும்படியும் அவை கெஞ்சுகின்றன. அவை பீமனும் அர்ச்சுனனும் கர்ணனும் திரௌபதியும்! தருமன் தூதனைப் போகச் சொல்லிவிடுகிறான். இவர்களுக்கு ஆறுதல் என்றால் தன் இடம் இதுதான் என்று நரகத்திலேயே நின்றுவிடுகிறான். அவன் மந்திரம் சொல்லவில்லை, தானம் கொடுக்கவில்லை. சும்மா நின்றான், அவ்வளவுதான். அதன்பிறகுதான் காட்சி மாறுகிறது.

செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்று. வெயில் ஏறுவதற்குள் ஏறிவிட வேண்டிய பாறைக்குன்று. உச்சியில் ஒரு பெரும்பாறையின் முகத்தில் 24 தீர்த்தங்கரர்கள் இரண்டு வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். எல்லாரும் ஒரே மாதிரி, கண் மூடிய அமைதி. அருகில் இன்னொரு பாறையில், வட்டெழுத்து உருவாகிக்கொண்டிருந்த காலத்துப் பழைய எழுத்தில் சில வரிகள்: சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் உண்ணாதிருந்து உயிர்விட்ட இடம் இது. பக்கத்தில் இன்னொரு துறவி 30 நாள் நோன்பிருந்து மறைந்ததைச் சொல்லும் கல்வெட்டும் உண்டு. விரலால் தடவினால் எழுத்தின் பள்ளம் தட்டுப்படும். 57 நாள் என்று எண்ணி வெட்டியவர் யாரோ, அவர் அந்த நாட்களைப் பக்கத்தில் இருந்து எண்ணியிருக்க வேண்டும்.

இது இரண்டாவது பதில்: ‘முடியாது.’ திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் இடையே மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணர்களின் தலைமை மடம் இருக்கிறது. நயினார் குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் காலங்காலமாக விவசாயம் பார்த்து வருகின்றன. சமணர் கணக்கில் நரகங்கள் ஏழு, ஒன்றின்கீழ் ஒன்றாக. இரத்தினப்பிரபையில் தொடங்கி, பருக்கைக்கல், மணல், சேறு, புகை, இருள் என்று இறங்கி, ஏழாவது பேரிருள். மேலே உள்ளவை கொதிக்கும்; அடியில் உள்ளவை உறைய வைக்கும். குறைந்தபட்ச ஆயுள் 10,000 ஆண்டு. அதற்கும் முடிவு உண்டு, ஆனால் அதைக் குறைக்க வெளியிலிருந்து எவராலும் ஆகாது. மகன் வைத்த பிண்டம் அப்பனின் வினையைத் தின்னாது. அவரவர் வினை அவரவருக்கு.

கேட்கக் கடுமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மரபிலேயே ஒரு கதை உண்டு. மகத மன்னன் சிரேணிகன் ஒரு முனிவரின் கழுத்தில் செத்த பாம்பைப் போட்டு அவமதித்தான். அதற்காக நரக வாழ்வு கட்டுப்பட்டுவிட்டது. பிறகு மகாவீரரின் அன்பனாகி மனம் திருந்தியும் அந்தக் கட்டு முழுக்க அவிழவில்லை. ஏழாம் நரகம் முதல் நரகமாகக் குறைந்தது. இப்போது, இந்த நிமிஷம், அவன் அங்கேதான் இருக்கிறான் என்பது சமணர் நம்பிக்கை. அடுத்த காலச் சுற்றின் முதல் தீர்த்தங்கரராகப் பிறக்கப்போகிறவனும் அவன்தான். நாளைக்கு உலகமே கும்பிடப்போகிறவர் இன்றைக்கு நரகத்தில் இருக்கிறார்! நரகத்தில் இருப்பவனைக் கேவலமாக நினைக்க இடமே கொடுக்காத கதை.

இந்த இரண்டு பதில்களுக்கும் நடுவே நடந்து போனவர் ஒருவர் உண்டு. பண்ருட்டிப் பக்கம் திருவாமூரில் பிறந்து, சமணத்தில் தருமசேனர் என்ற பெயரோடு தலைவராக இருந்து, 7-ஆம் நூற்றாண்டில் சைவத்துக்குத் திரும்பிய அப்பர். விழுப்புரத்தை ஒட்டிய திருவாமாத்தூரையும் பாடியிருக்கிறார். எமனுக்கு அஞ்சுவதில்லை, நரகத்தில் இடர்ப்படப் போவதில்லை என்று அவர் பாடியபோது, எதிரே நின்றது ஒரு பல்லவ அரசனின் ஆணை. நரக பயம் போனவனிடம் அரச பயமும் நிற்பதில்லை என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது.

முஸ்லிம் வீடுகளில் பதில் கொஞ்சம் நுணுக்கமானது. ஜஹன்னம் என்னும் நரகத்துக்கு ஏழு வாசல்கள், காவலுக்கு 19 மலக்குகள் என்கிறது குர்ஆன். ஈமான் கொண்டு பாவம் செய்தவர் அங்கே போனாலும் ஒருநாள் வெளியே வருவார், உள்ளத்தில் கடுகளவு ஈமான் இருந்தாலும் போதும் என்பது சுன்னத் ஜமாஅத் அறிஞர்களின் பொதுவான கருத்து. மனிதன் இறந்ததும் அவன் கணக்கு மூடப்படுகிறது. மூன்று மட்டும் தொடர்ந்து வரவாகும் என்று ஒரு நபிமொழி சொல்கிறது. நிலைத்து நிற்கும் தருமம், பிறருக்குப் பயன்படும் கல்வி, தனக்காக துஆ செய்யும் நல்ல பிள்ளை. வெட்டி வைத்த கிணறும் சொல்லிக் கொடுத்த எழுத்தும் கபருக்குள் போய்ச்சேர்ந்துகொண்டே இருக்கும். மூன்றாம் நாள், நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதலாமா கூடாதா என்று தவ்ஹீத் அமைப்புகளுக்கும் மற்றவர்களுக்கும் பல ஊர்களில் வாக்குவாதம் உண்டு. ஆனால் போனவருக்காகக் கையேந்தி துஆ கேட்பதை இரண்டு பக்கமும் விடவில்லை.

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். முந்தின நாளே துடைப்பமும் மண்வெட்டியுமாகக் குடும்பங்கள் கல்லறைக்குப் போய்விடும். புல்லைச் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, அழிந்த பெயரைக் கறுப்புப் பெயிண்டால் மறுபடி எழுதி, சாமந்தியைப் பரப்பி, மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். காற்றில் அணைந்தால் பக்கத்துக் கல்லறைத் திரியிலிருந்து பற்றவைத்துக்கொள்வார்கள். கத்தோலிக்கரின் நரகம் முடிவில்லாதது. அதிலிருந்து மீட்சி இல்லை. ஆனால் அதற்கும் மோட்சத்துக்கும் நடுவே ‘உத்தரிக்கிற ஸ்தலம்’ ஒன்று இருக்கிறது. அங்கே தவிக்கும் ஆன்மாக்களுக்கு இங்கே செய்யும் ஜெபமும் பூசையும் உதவும் என்று 1563-இல் திரெந்துப் பொதுச்சங்கம் உறுதிப்படுத்தியது. பிரிந்துபோன சீர்திருத்தச் சபைகள் அதை மறுத்தன. சாவோடு கணக்கு முடிந்தது, செத்தவருக்காக ஜெபிப்பதில் பயனில்லை என்பது அவர்கள் போதனை. ஆனாலும் அதே நவம்பர் 2 அன்று சி.எஸ்.ஐ. குடும்பங்கள் பலவும் மெழுகுவர்த்தியோடு வரத்தான் செய்கின்றன. உபதேசம் வேண்டாம் என்றாலும் கை சும்மா இருப்பதில்லை.

அதே கல்லறைகளில் வேறொன்றும் உண்டு. 2008 மார்ச்சில், அன்று விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த எறையூரில், ஒரே பங்கின் கத்தோலிக்கர்களுக்குள் சாதி மோதல் வெடித்தது. தனிக் கல்லறை, பொதுத்தெரு வழியே சவ ஊர்வலம் போக முடியாமை போன்ற அவமானங்களை எதிர்த்துத் தலித் கிறித்தவர்கள் குரல் கொடுத்திருந்தார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். உத்தரிக்கிற ஸ்தலத்தில் எல்லா ஆன்மாவும் ஒன்றாகத் தவிக்கும் என்று நம்புகிறவர்கள், இங்கே பிணத்துக்குப் பிணம் சுவர் எழுப்பி வைத்திருந்தார்கள். இதை நெஞ்சு பொறுக்காமல்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

திண்டிவனத்துக்கு அமெரிக்க ஆற்காடு மிஷன் வந்த கதையும் நரகத்தில்தான் தொடங்குகிறது. நியூயார்க்கில் மருத்துவராக இருந்த ஜான் ஸ்கடர் ஒரு நோயாளியின் வீட்டில் காத்திருந்தபோது, கிறிஸ்துவை அறியாத கோடிக்கணக்கானோரைப் பற்றிய சிறு நூல் ஒன்றைப் படித்தார். அந்த ஆன்மாக்கள் அழிந்துபோகுமே என்ற தவிப்பில் 1819-இல் குடும்பத்தோடு கப்பலேறி யாழ்ப்பாணம் வந்தார். அவருடைய மகன்கள் 1853-இல் ஆற்காடு மிஷனைத் தொடங்கினார்கள். அந்தக் குடும்பத்தின் பேத்தி ஐடா ஸ்கடர், ராணிப்பேட்டையில் 1870-இல் பிறந்தவர். அமெரிக்காவில் படித்துவிட்டு, தாயின் உடல்நலம் சரியில்லாததால் தந்தை மருத்துவராக இருந்த திண்டிவனத்துக்கு வந்திருந்தார். அங்கேயே தங்கும் எண்ணம் அவருக்கு இல்லை.

ஒருநாள் இரவு பிராமணர் ஒருவர் வந்து கதவைத் தட்டினார். மனைவிக்குப் பிரசவ வேதனை, உடனே வரவேண்டும் என்றார். தனக்கு மருத்துவம் தெரியாது, அப்பாவை அனுப்புகிறேன் என்றார் ஐடா. ஆண் வந்து தொடுவதைவிட அவள் சாவதே மேல் என்று அவர் திரும்பிப் போனார். கொஞ்ச நேரத்தில் ஒரு முஸ்லிம் வந்தார். அதே கோரிக்கை, அதே மறுப்பு. மூன்றாவதாக இன்னொரு இந்துக் குடும்பத்தவர். அவரும் அப்படியே போனார். விடிந்தபோது ஊருக்குள் சாவுப் பறை கேட்டது. வேலையாளை அனுப்பி விசாரித்தார். மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள்.

அந்த மூன்று வீடுகளிலும் அடுத்தடுத்த நாட்களில் அவரவர் முறை தவறாமல் நடந்திருக்கும். ஒரு வீட்டில் பிண்டமும் எள்ளும், ஒரு வீட்டில் யாஸீன் ஓதல், ஒரு வீட்டில் கருமாதி. போன பிறகு செய்ய வேண்டிய எதிலும் குறை வைத்திருக்க மாட்டார்கள்.

ஐடா அமெரிக்காவுக்குப் போய் 1899-இல் மருத்துவராகி, 1900-இல் வேலூர் திரும்பி ஒரே ஒரு கட்டிலோடு மருத்துவம் பார்க்கத் தொடங்கினார். 1918-இல் அங்கேயே பெண்களுக்கான மருத்துவப் பள்ளி ஒன்றைத் திறந்தார். ராத்திரி யார் வந்து கதவைத் தட்டினாலும், லாந்தரை எடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே எழுந்து போகக்கூடிய பெண்கள் அங்கே படிக்க வந்தார்கள்.