அல்ஜீரியன் என்றோர் அலங்கார எழுத்து

அல்ஜீரியன் என்ற ஆங்கில எழுத்துருவைப் பெயர் தெரியாமலே பார்த்திருப்பீர்கள். இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரில் இயங்கிய ஸ்டீவன்சன் பிளேக் எழுத்து வார்ப்பகம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளியிட்டது அது. பின்னர் மைக்ரோசொப்ட் ஒபிஸ் மென்பொருளோடு நமது கணினிகளுக்கும் வந்துசேர்ந்தது. கடைப் பெயர்ப்பலகை, சான்றிதழ், திருமண அழைப்பிதழ் என அது புகாத இடமில்லை.

தடித்த உடல், முனைகளில் செரிஃப் எனப்படும் கூரிய சிறுகோடுகள், ஓரத்தில் ஒட்டிய நிழற்கோடு. கணினியில் உள்ள வடிவில் பெரிய எழுத்துகள் மட்டுமே உண்டு. ஆதலால் ஓரிரு சொற்களுக்கே பொருந்தும். பந்தி முழுவதும் அமைத்தால் கண் களைக்கும். சிறிதாக அச்சிட்டால் மை பரவி, நிழலும் உடலும் ஒன்றாகிவிடும்.

எம்மவரின் 31ஆம் நாள் நினைவு மலர்களின் அட்டையிலும் அமரரின் பெயரை இவ்வெழுத்தில் காண்கிறேன். பத்திரிகைப் பக்கங்களோடு வாழ்ந்த என் கண்ணை அது உறுத்துகிறது. நிழலெழுத்து கொண்டாட்டத்தின் குரல். தன்னையே பார்க்கச் சொல்வது. ஆயினும் கணினிப் பட்டியலில் மிக அழகானதெனத் தோன்றியதைத் தந்தையின் பெயருக்குச் சூட்டிய பிள்ளையை நான் எப்படிக் குறைகூறுவேன்? ஒன்றை மட்டும் வேண்டுவேன்: மூக்குக்கண்ணாடி அணிந்த முதியவரும் அப்பெயரைத் தடையின்றி வாசிக்கும்படி அமையுங்கள். அலங்காரம் அதற்குப் பின்னரே.