கபஷேராவின் அரை சென்டிமீட்டர்

டெல்லி விமான நிலையத்துக்கு 800 மீட்டர் தள்ளி நிலம் உள்வாங்குகிறது என்று 2022-இல் ஒரு செய்தி வந்தது. இடத்தின் பெயர் கபஷேரா. பம்பாய் ஐஐடி, ஜெர்மனியின் புவி அறிவியல் ஆய்வு மையம், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் ஆய்வாளர்களும் இன்னும் சிலரும் சேர்ந்து செயற்கைக்கோள் ராடார் மூலம் கணக்கிட்டிருந்தார்கள். 2014 முதல் 2016 வரை வருடத்துக்குச் சுமார் 11 சென்டிமீட்டர், அடுத்த இரண்டு வருடங்களில் வருடத்துக்குச் சுமார் 17. விமான நிலையம் பக்கத்தில் இருந்ததால்தான் அது செய்தியானது என்பது என் சந்தேகம். கபஷேரா மட்டும் அமிழ்ந்துகொண்டிருந்தால் எந்தப் பத்திரிகையும் இடம் ஒதுக்கியிருக்காது.

நண்பர் ஒருவரின் மகள் டெல்லியில் இதே துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். அவள் வேலையைப் பார்க்க வேண்டும் என்றதும் சிரித்தாள். “ஏசி ரூம்ல உட்கார்ந்து கம்ப்யூட்டரைப் பாக்குற வேலை சித்தப்பா. அதுல என்ன பாப்பீங்க?” பிறகு அவளே யோசித்து, “ரிஃப்ளெக்டரைச் சரி பண்ணப் போறோம், வேணும்னா வாங்க” என்றாள்.

கபஷேரா டெல்லியின் தென்மேற்கு எல்லை. சாலையைத் தாண்டினால் குருகிராமின் உத்யோக் விஹார், ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலைகள். பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்த தையல் தொழிலாளர்கள் இந்தப் பக்கம் குடியிருக்கிறார்கள். நடுவில் முற்றம், சுற்றிலும் மாடி மாடியாக ஒற்றை அறைகள். ஓர் அறைக்கு ஒரு குடும்பம், அல்லது நான்கைந்து இளைஞர்கள். சில தெருக்கள் தள்ளிப் போனால் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடும் பண்ணை வீடுகள், பச்சைப் புல்வெளிகள். இரண்டுக்கும் கீழே இருப்பது ஒரே நிலத்தடி நீர்.

ரிஃப்ளெக்டர் ஒரு பண்ணை வீட்டின் பின்புறத்தில் இருந்தது. மூன்று உலோகத் தகடுகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாகச் சேரும். அறையின் மூலையைத் தனியாக அறுத்து எடுத்து வந்து வைத்தது போலத் தோற்றம். திறந்த வாய்க்குள் எந்தக் கோணத்தில் ராடார் அலை வந்தாலும் மூன்று தகடுகளிலும் பட்டு வந்த திசையிலேயே திரும்பிவிடும். புல்லும் மரமும் மண்டிய இடத்தில் ராடாருக்கு நிலையான பிடிமானம் கிடைக்காது. இலை அசையும், புல் வளரும், ஒருமுறை கிடைத்த பதில் அடுத்தமுறை கிடைக்காது. அங்கே இது நின்றால் படத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி பளிச்சென்று விழும். கட்டடங்கள் நெருக்கிய தெருக்களில் இதற்கு வேலையே இல்லை. சுவரும் கூரை விளிம்பும் அங்கே தாமாகவே அந்த வேலையைச் செய்கின்றன.

தகடுகள் முழுக்கச் சிறு துளைகள். காற்று தள்ளாமல் இருக்க. மூன்றும் சேரும் முனையில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை, மழைநீர் வடிய. அந்த ஓட்டையில் குளவி கூடு கட்டியிருந்தது. குச்சியால் அதைக் குத்தி எடுத்துக்கொண்டிருந்தவர்தான் இந்தக் கட்டுரையை எடுத்துக்கொண்டுவிட்டார்.

அவளுக்கு அவர் சாச்சா, அதாவது இந்தியில் சித்தப்பா. கர்வால் மலைக்காரர், எழுபதை நெருங்கும் வயது. நில அளவைக் குழுக்களில் கருவி சுமப்பவர்களை வடக்கே கலாசி என்பார்கள். இவர் கலாசி, இவர் அப்பாவும் கலாசி. அப்பாவுடன் முகாமுக்குச் சமையல் பையனாகப் போனவர், பதினாறு வயதில் உயரம் அளக்கும் கோலான லெவலிங் ஸ்டாஃபைப் பிடித்திருக்கிறார். மழை முடிந்ததும் கிளம்பினால் வெயில் ஏறும்வரை கூடாரம்தான். அசாமில் மலேரியா, ராஜஸ்தானில் தண்ணீர்ப் பஞ்சம், ரயில் பாதை ஓரமாகவே மாதக் கணக்கில் நடை. கல்யாணத்துக்குக் கிடைத்த விடுப்பைவிடப் பாம்பு கடித்தபோது கிடைத்த விடுப்பு அதிகம் என்றார். வெகுகாலம் பருவக் கூலியாகவே இருந்து கடைசியில்தான் நிரந்தரமானதால் ஓய்வூதியம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

ஸ்டாஃப் பிடிப்பதில் என்ன இருக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன். செய்து காட்டினார். தரையில் ஒரு கனத்த இரும்புத் தட்டு, அதன் நடுவில் குமிழ். அந்தக் குமிழின் மேல் ஸ்டாஃபின் அடி உட்கார வேண்டும். பின்னால் உள்ள, மட்டம் காட்டும் பபிள் நடு வட்டத்திலிருந்து நகரக் கூடாது. கருவி வைத்திருப்பவர் ஒரு முறை படித்துவிட்டு முன்னே போய் நிற்பார். அப்போது ஸ்டாஃபை அவர் பக்கம் திருப்ப வேண்டும். திருப்பும்போது அடி எழும்பவும் கூடாது, தட்டு அழுந்தவும் கூடாது. அழுந்தினால் அந்த மில்லிமீட்டர் கணக்கில் ஒட்டிக்கொண்டு அடுத்த ஊர் வரை வரும். “மாலையில் பழைய புள்ளிக்கே திரும்பி வந்து கணக்குப் பார்ப்பார்கள். பொருந்தவில்லை என்றால் சாஹிப் என்னைத்தான் பார்ப்பார்” என்றார். ஸ்டாஃபைத் திருப்பும்போது அவர் மூச்சை அடக்கியதைக் கவனித்தேன்.

ரிஃப்ளெக்டருக்குப் பக்கத்தில் அவரை வைத்து அவள் லெவலிங்கும் செய்கிறாள். வானத்திலிருந்து வந்த எண்ணைத் தரையில் இருந்து சரிபார்க்க வேண்டுமே! இந்த நாட்டின் பெரிய முக்கோண அளவை 1802-இல் லாம்டன் சென்னைப் பரங்கிமலையருகே தொடங்கியது. அன்று சங்கிலியும் கோலும் சுமந்தவர்களின் வேலை இன்னும் முடியவில்லை.

ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-1 இங்கே மாலை ஆறு மணி வாக்கில் ஒரு திசையிலும் காலை ஆறு வாக்கில் மறுதிசையிலும் கடக்கும். மாலையில் வருவது மேற்கிலிருந்து பார்ப்பதால் ரிஃப்ளெக்டரின் வாயும் மேற்கு நோக்கி. உயரம் 693 கிலோமீட்டர், அனுப்பும் அலையின் நீளம் 5.6 சென்டிமீட்டர். தரையில் பட்டுத் திரும்பும் அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று அது குறித்துக்கொள்ளும். 12 நாள் கழித்து அதே பாதையில் வந்து மறுபடி குறிக்கும். தரை இறங்கியிருந்தால் போகிற தூரமும் வருகிற தூரமும் கூடும், கட்டம் மாறும். இந்த ஒப்பீட்டுக்குப் பெயர் இன்டர்ஃபெரோமெட்ரி. 2.8 சென்டிமீட்டர் விலகினால் ஒரு முழுச் சுற்று. திரையில் நீலத்தில் தொடங்கிச் சிவப்பு வரை ஒரு வண்ண வளையம். வருடத்துக்கு 17 சென்டிமீட்டர் என்றால் 12 நாளுக்கு அரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல். இவ்வளவு உயரத்திலிருந்து அதைப் பிடிக்கிறார்கள்.

பிடித்த பிறகு வளையங்களை எண்ணாக மாற்றுவதை அவள் திரையில் வெகு நேரம் காட்டினாள். எனக்கு அது ஓடவில்லை, வாசகருக்கும் தேவையில்லை. ஒன்று மட்டும் நினைவில் நிற்கிறது: ஆடி ஆவணி மாதப் படங்களை அவள் நம்புவதே இல்லை. காற்றில் உள்ள ஈரம் அலையைத் தாமதப்படுத்தி, அசையாத தரையையும் அசைந்ததாகக் காட்டிவிடும். அதனால்தான் ஒரு ஜோடிப் படத்தை வைத்து யாரும் பேசுவதில்லை. பல வருடப் படங்களை அடுக்கி, ஒவ்வொன்றிலும் மாறாமல் பளிச்சிடும் புள்ளிகளை மட்டும் பொறுக்குகிறார்கள். 2000-ஐ ஒட்டி மிலான் நகரில் ஃபெரெட்டி, பிராட்டி, ரோக்கா என்ற மூவர் வகுத்த வழி அது. அதற்கும் முன்னே, 1978-இல் பறந்த சீசாட் செயற்கைக்கோளின் படங்களை வைத்து 1989-இல் கேப்ரியேல், கோல்ட்ஸ்டைன், ஜெப்கர் மூவரும் எழுதிய கட்டுரையில் அசைந்தது கலிஃபோர்னியாவின் வயல்கள். தண்ணீர் பாய்ச்சியதும் மண் உப்பியிருந்தது. இந்தக் கலை பிறந்த அன்றே தண்ணீரைத்தான் பார்த்தது.

கபஷேராவில் பார்ப்பதும் அதையே, தலைகீழாக. மணல் அடுக்குகளுக்கு இடையே களிமண் அடுக்குகள். தண்ணீரை உறிஞ்ச உறிஞ்சக் களிமண் அமுங்கும். பிறகு நல்ல மழை பெய்து தண்ணீர் மட்டம் ஏறினாலும் அமுங்கியதில் பெரும்பகுதி எழாது. அங்கே தண்ணீர் தங்கிய இடம் போனது போனதுதான்.

உறிஞ்சுவது யார்? அனுமதி இல்லாத ஆழ்துளைக் கிணறு டெல்லியில் சட்டவிரோதம். ஆனால் அரைமணி நேரம் தெருவில் நின்றால் போதும், தண்ணீர் லாரிகள் வரிசையாக நிரம்பிப் போவது தெரியும். தண்ணீருக்கு லாரிக்காரர் பூமிக்குக் கொடுக்கும் விலை பூஜ்யம். டீசலும் டிரைவரும் மாமூலும்தான் செலவு. கட்டட முதலாளி வாங்கித் தொட்டியில் நிரப்புகிறார், வாடகையோடு சேர்த்து வசூலிக்கிறார். நாள் முழுக்கத் தைத்துவிட்டு வரும் பெண் ஒரு குடத்துக்குக் கொடுக்கும் காசு, குழாய் இணைப்புள்ள பங்களாக்காரர் ஒரு குடத்துக்குக் கொடுப்பதைப் போலப் பல மடங்கு. அவள் காசு கொடுத்து வாங்கும் தண்ணீர் அவள் படுத்திருக்கும் தரைக்குக் கீழே இருந்துதான் வருகிறது. அவள் சுவரில்தான் விரிசல் விழும். விரிசலுக்கும் பூச்சு பூசி வாடகையை ஏற்றுவார்கள். 2024-இல் உச்ச நீதிமன்றமே டேங்கர் மாஃபியா மீது என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று டெல்லி அரசைக் கேட்டது. கேட்டதோடு சரி. ஆகாயத்திலிருந்து அரை சென்டிமீட்டரைப் பார்க்கிற நாட்டில், தெருமுனையில் நிற்கிற 10,000 லிட்டர் லாரி எந்த அதிகாரியின் கண்ணிலும் படாதது எப்படி என்று எனக்கு யாராவது சொன்னால் நல்லது.

வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. தொடக்கத்தில் சொன்ன அதே ஆய்வில் துவாரகாவும் இருக்கிறது, கபஷேராவிலிருந்து சில கிலோமீட்டர் தூரம். 2014 வாக்கில் வருடத்துக்கு 3.5 சென்டிமீட்டர் இறங்கிக்கொண்டிருந்தது. நிலத்தடி நீர் எடுப்பதைக் கட்டுப்படுத்தினார்கள், குடியிருப்புகளில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள், குளங்களைத் தூர்வாரினார்கள். 2018-19-இல் வருடத்துக்கு 1.2 சென்டிமீட்டர் வீதம் நிலம் மேலெழும்பியது. துவாரகாவில் இருப்பவர்கள் சொந்த வீட்டுக்காரர்கள், சங்கம் வைத்திருப்பவர்கள், மனுப்போடத் தெரிந்தவர்கள். கபஷேராவில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் ஓட்டு ஊரில்தான்.

சாச்சாவுக்கும் ஒரு லாரிக்காரர் உண்டு. ஆய்வுத் திட்டங்களுக்குக் களப்பணியாளர்களை நேரடியாக அமர்த்த விதி இல்லையாம், ஏஜென்சி வழியாகத்தான். அவர் கையெழுத்துப் போடும் தொகையில் பாதிகூடக் கைக்கு வருவதில்லை. இதை அவர் புகாராகச் சொல்லவில்லை, குளவிக் கூட்டைப் பற்றிச் சொன்ன அதே குரலில் சொன்னார். அவளுக்குத்தான் முகம் சிவந்தது. “எழுதிடாதீங்க சித்தப்பா, அடுத்த தடவை ஆள் அனுப்ப மாட்டாங்க” என்றாள். எந்த ஏஜென்சி என்று எழுதவில்லை.

திரும்பும் வழியில் வெல்டிங் பட்டறைக்குப் போனோம். முதலில் வைத்த ரிஃப்ளெக்டரை அலுமினியம் என்பதற்காக யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது நிற்பது பெயின்ட் அடித்த இரும்பு. பட்டறைக்காரருக்கு இன்டர்ஃபெரோமெட்ரி தெரியாது, தொண்ணூறு டிகிரி தெரியும். பற்றவைத்ததும் சூட்டில் தகடு நெளியும் என்பதால் மூலைமட்டத்தை வைத்து வைத்துத் தட்டிக்கொண்டே இருந்தார். அவள் அடுத்த வேலையைச் சொன்னாள். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நிசார் செயற்கைக்கோளுக்கு ஒரு ரிஃப்ளெக்டர். நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்த செயற்கைக்கோள் அது. அதில் நாசா வைத்த ராடாரின் அலை 24 சென்டிமீட்டர். இலைகளுக்கு ஊடாகவும் தரையைப் பார்க்கும். ஆனால் அலை நீண்டால் ரிஃப்ளெக்டரும் பெரிதாக வேண்டும். ஒரு மீட்டர் பக்கம் போதாது, இரண்டரை மீட்டராவது.

பட்டறைக்காரர் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுப் பார்த்துவிட்டு, கொண்டுபோக டெம்போ வேண்டும், விலை தனி என்றார். சாச்சா கோட்டைச் சுற்றி நடந்து பார்த்தார்.

“செய். இந்தத் தடவை காயலான் கடைக்காரனும் டெம்போவோடதான் வரணும்.”