ஈரத்துண்டும் இளஞ்சூடும்

வெயிலுக்குப் பெயர்பெற்ற மதுரையில் துண்டு உலர்த்த மின்கருவியா என நண்பர்கள் நகைத்தனர். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எம் இல்லத்து நிலையை அவர்கள் அறியார். காற்றில் ஈரம் மிகுந்திருக்க, இரவில் கொடியில் இட்ட துண்டு விடியும்வரை உலராது. சுபுஹுத் தொழுகைக்கு ஒளுச் செய்துவிட்டு, அவ்வீரத்துண்டால் முகம் துடைக்கும் எம் அன்னையார் குளிரில் நடுங்குவார்.

எனவே, துண்டை இளஞ்சூட்டில் உலர்த்தும் 60 வாட் சட்டம் ஒன்றை வாங்கினோம். குளியலறைச் சுவரில் அதனைப் பொருத்த வந்த மின்பணியாளர், எர்த் இணைப்பின்றி மாட்ட மறுத்துவிட்டார். செலவை எண்ணி முகம் சுளித்தோம். "ஈரக்கை தொடும் இரும்பு ஐயா இது" என்றார் அவர். நாணினோம். அன்னையின் நலம் நாடி வாங்கிய பொருளே அவருக்குத் தீங்காகியிருக்கும்! எர்த் கம்பியுடன், 30 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் காப்பானையும் பொருத்தச் செய்தோம்.

நாள்தோறும் 2 மணி நேரம் இயங்கினும் 0.12 யூனிட்டே செலவாகும். ஆயினும் அன்னையார், "வெயில் அல்லாஹ் தந்த அருட்கொடை, அது இருக்கையில் இது வீண்விரயம்" என்றார். மழை ஓய்ந்த மறுநாளே துண்டு மாடிக் கொடிக்குத் திரும்பிற்று.